லோங்காங்கில் மலைப்பாம்பு

சிங்கப்பூரில் வனவிலங்கு பிடிக்கும் வேலை என்றதும், நாள் முழுக்கப் பாம்போடு மல்லுக்கட்டுவேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் மலைப்பாம்புக்காக வரும் அழைப்புகள் பலவற்றில் பாம்பைத் தொடவே மாட்டோம். லோங்காங் என்று இங்கே சொல்லும் மழைநீர் வடிகாலில் அது படுத்திருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

இங்கே இருப்பது ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு. உலகின் மிக நீளமான பாம்பினம். 6 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. சத்தியமங்கலம் பக்கம் நாம் பார்ப்பது வேறு இனம், நீளம் குறைவு. சிங்கப்பூர்ப் பாம்போ நிக்கோபார் தீவுகளில் தொடங்கி பர்மா, தாய்லாந்து, மலேசியா என்று பிலிப்பைன்ஸ் வரை பரவிக் கிடக்கிறது. இத்தனை தீவுகளுக்கும் எப்படிப் போயிற்று என்றால், அசாத்திய நீச்சல்காரன். நடுக்கடலிலேயே பார்த்திருக்கிறார்கள். 1883இல் வெடித்துப் பொசுங்கிய கிரக்கத்தோவா எரிமலைத் தீவிலும் பிற்பாடு வந்து குடியேறிவிட்டது.

தண்ணீரை ஒட்டி வாழும் பிராணி என்று புரிந்துகொண்டால் சிங்கப்பூர் வரைபடமே வேறு மாதிரித் தெரியும். காலாங் ஆறு லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டோரம் புறப்பட்டு, பீஷானைக் கடந்து, அடுக்குமாடிகளுக்கு நடுவே கடல் பக்கம் வருகிறது. தீவு முழுக்க ஆறும் கால்வாயும் வடிகாலுமாக ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். நமக்குக் கான்கிரீட், பாம்புக்கு ஆறு. இருட்டு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, எலிக்குப் பஞ்சமே இல்லை. உதட்டோரக் குழிகளால் இரையின் உடல் சூட்டை உணரும் பாம்புக்கு இருட்டு ஒரு பொருட்டா? எலி ஒழிப்புக்குச் சம்பளம் வாங்காத ஊழியர் என்றுகூடச் சொல்வேன். பூனை வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

வீட்டு வாசலுக்கோ கார் என்ஜினுக்குள்ளோ வந்துவிட்டால் பிடித்தே ஆகவேண்டும். தலையில் துணியைப் போட்டு ஒருவர் கழுத்தைப் பிடிக்க, மற்றவர்கள் உடலைத் தாங்குவோம். விஷமில்லைதான், ஆனால் கடி ஆழமாக இறங்கும். அதைவிட மோசம், பயத்தில் அது பீய்ச்சும் நாற்றம். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

தோ பாயோவில் ஓர் ஆண்ட்டி விடவே இல்லை. “தம்பி, இதக் கொண்டுபோய் காட்டுல விட்டுடுங்க. பிள்ளைங்க ஓடியாடுற இடம்.”

“அது லோங்காங்குலதான ஆண்ட்டி இருக்கு. யாரும் கிட்டப் போகாட்டி தானா போயிடும்.”

அவர் மகன் கைப்பேசியை நீட்டினான். ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு வேட்டை. அங்கே பரிசு கொடுத்துக் கொல்கிறார்களே என்றான். அது பர்மிய மலைப்பாம்பு, செல்லப்பிராணி வியாபாரத்தில் போய்ச் சேர்ந்தது, எவர்கிளேட்ஸ் சதுப்பில் முயல், ரக்கூன்களையெல்லாம் அருக வைத்துவிட்டது என்றேன். அதே பாம்பு தன் சொந்த மண்ணான தென்கிழக்காசியாவில் தோலுக்கும் இறைச்சிக்கும் பிடிபட்டுக் குறைந்துவருகிறது என்பதை அவன் நம்பவில்லை. இங்கே லோங்காங்கில் கிடப்பது இந்த புளோக்கைக் கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கும் இனம் என்றதற்கு ஆண்ட்டிதான் சிரித்தார்.

“சரி, எப்பப் போகும்?”

வயிறு நன்றாகவே புடைத்திருந்தது. செரிக்க ஒரு வாரம்கூட ஆகலாம். “சீக்கிரம் போயிடும் ஆண்ட்டி” என்றேன்.