கடைசி அரைச் சுற்று

ஜனவரி 9

வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவது என்று முடிவாகிவிட்டது. இந்த ஒரு வரிக்கு மூன்று மாதம் ஆனது. விற்றுவிட்டால் திரும்பி வர இடமிருக்காதே என்று எனக்குப் பயம். வைத்துக்கொண்டால் மனசு இங்கேயே கிடக்கும் என்று அவருக்குப் பயம். கடைசியில் என் பயம்தான் ஜெயித்தது. மாதாமாதம் வரப்போகும் வாடகையும் என் கட்சியில் சேர்ந்துகொண்டது.

"விக்கவும் மாட்டீங்க, இருக்கவும் மாட்டீங்க. அப்போ என்னதாம்மா பண்ணப் போறீங்க?" என்று மகள் கேட்டாள். பதில் வாசலில் நிற்கிறது. 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். போன வருடம் வரை சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேன். எட்டு மாதமாக அதற்குள் படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக முளைத்து வருகின்றன. மரவேலை தச்சருடையது. மின்சார வேலை தம்பியும் நானும். அவர் மேற்பார்வை. அதாவது நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஜனவரி 17

மரவேலை முடிந்ததும் முதல் வேலையாக வேனை எடை மேடைக்குக் கொண்டுபோனோம். டீசல் நிரம்பிய டேங்கோடு, ஆள் ஏறாமல் 2,960 கிலோ. இந்த வேனுக்கு அனுமதித்த மொத்த எடை 3,500. மீதி 540 கிலோ. "அடேயப்பா, அரை டன்!" என்று அவர் கையைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து 130. தண்ணீர் டேங்க் 90 லிட்டர், அதாவது 90 கிலோ. சிலிண்டர், பக்கவாட்டுக் கூடாரத் துணி, மடக்கு மேசை நாற்காலி எல்லாம் சேர்ந்து 80. அரை டன் என்று கொண்டாடியது அரை மணி நேரத்தில் 240 கிலோ ஆகிவிட்டது. இன்னும் ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு செருப்புகூட ஏறவில்லை.

கூடத்து அலமாரிப் புத்தகங்களைக் குளியலறைத் தராசில் கட்டுக்கட்டாக நிறுத்துப் பார்த்தேன். 140 கிலோ. இருபத்தேழு வருடமாக அந்தச் சுவரில் இவ்வளவு கனத்தைச் சாய்த்து வைத்திருந்தது தெரியவே தெரியாது. வீட்டில் எதற்கும் எடை என்று ஒன்று இருப்பதில்லை.

ஜனவரி 30

கழிக்கும் வேலை. ஒரு வருடமாகத் தொடாத பொருளைத் தூக்கிப் போடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தீயணைப்பானைத்தான் முதலில் வீச வேண்டும்.

எனக்குப் புரிந்த வரை, கொடுப்பது கஷ்டமில்லை. வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நல்ல தேக்குக் கட்டில். சொந்தத்தில் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் யார் வீட்டிலும் அதற்கு இடமில்லை. கடைசியில் குடிவரப் போகிறவர்களே "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். கட்டில் தப்பித்தது.

போட்டோ ஆல்பங்கள் பதினொன்று. ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். இரண்டாவது ஆல்பத்தோடு நிறுத்திவிட்டேன், பார்க்கத்தான் நேரம் போகிறது. மீதியை மகள் எடுத்துப் போகிறாள்.

பிப்ரவரி 6

பேட்டரி இன்று உயிர்பெற்றது. லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, இரண்டு. பெருக்கினால் 2,560 வாட்-மணி. பழைய ஈய-அமில பேட்டரியாக இருந்தால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல் வரும். 3,500 கிலோவுக்குள் குடித்தனம் நடத்த வேண்டியவர்களுக்கு அது கட்டாது.

இதில் ஒரு தொல்லை உண்டு. இந்த பேட்டரியின் வோல்ட் ஏறக்குறைய கடைசி வரை ஒரே மட்டத்தில் நிற்கும். வோல்ட் மீட்டரை நம்பினால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கும் 'ஷண்ட்' என்ற கருவி வேண்டும். என் தொழில் கணக்கு எழுதுவது. வரவு, செலவு, இருப்பு மூன்றும் இந்தக் கருவியில் தெரிவதால் வேனிலேயே எனக்குப் பிடித்த பொருள் இதுதான்.

"அக்கா, இண்டக்‌ஷன் அடுப்பு வெச்சுக்கலாமே?" என்றான் தம்பி. 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட்டிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விரல் தடிமனில் கேபிள் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 வாட்-மணி போய்விடும். கேஸ் அடுப்பே போதும் என்றேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. தடித்த கேபிள் இழுக்கும் வேலை அவனுக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 11

இரண்டு அலாரம் எதற்கு, ஒன்று போதாதா என்று அவர் கேட்டார். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால் அதற்கான அலாரம் கணுக்கால் உயரத்தில். சிலிண்டர் பெட்டியின் அடியிலும் ஒரு துளை, கசிந்தால் வெளியே இறங்கிப் போக. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அப்படியல்ல, காற்றோடு கலந்து நிற்கும். கேஸில் வாசனைப் பொருள் கலந்திருப்பதால் மூக்காவது எச்சரிக்கும், இதற்கு மணமே கிடையாது. அந்த அலாரம் தலைமாட்டுக்குப் பக்கத்தில். சொல்லி முடித்ததும், "மூணாவதா ஒண்ணும் வெச்சுடலாமா?" என்றார்.

பிப்ரவரி 14

டயரின் பக்கவாட்டில் முட்டைவடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் பின் டயர்களில் 2314. அதாவது 2014ஆம் வருடம் 23ஆவது வாரம். வரிப்பள்ளம் புதிது போல இருந்தது, ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். நான்கையும் மாற்றினோம். இதைப் பார்க்காமல் வண்டியை வாங்கிய புத்திசாலிகள் நாங்கள்தான்.

பிப்ரவரி 20

இரவில் தூக்கம் வராமல் படித்தது. சுகத்துக்காகவே கட்டிய முதல் நடமாடும் வீடு என்று பலரும் சொல்வது 1885இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் இங்கிலாந்தில் கட்டுவித்த 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியை. கடற்படை மருத்துவராக இருந்தவர். சுமார் இரண்டு டன் எடை, உள்ளே மகோகனி மரவேலை, வண்டியோட்டி ஒருவர், பணியாளர் ஒருவர். குறுகிய சாலையில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க அந்தப் பணியாளர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம்.

காலையில் இதை அவரிடம் சொன்னேன். "சைக்கிள் எனக்கா உனக்கா?" என்றார்.

பிப்ரவரி 26

குடிவருகிறவர்களுக்காக ஒரு நோட்டில் வீட்டைப் பற்றி எழுதிவைத்தேன். ஆறு பக்கம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு. பின்கதவை இழுத்துப் பிடித்துத்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். படிக்கட்டு விளக்கின் ஸ்விட்ச் மேலே போட்டால் எரியும், கீழே போட்டால் அணையும். மழை மேற்கிலிருந்து அடித்தால் சின்ன அறை ஜன்னலில் கசியும், துணி வைத்தால் போதும். ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதிவிட்டு வழக்கம்போல விளக்குப் போடாமல் மாடிக்குப் போனேன். பதினான்கு படி. எண்ணியதில்லை, இன்றுதான் எண்ணினேன். எண்ணியதாலேயே பன்னிரண்டாவதில் தடுக்கியது.

பிப்ரவரி 28

மறுபடி எடை மேடை. எல்லாம் ஏற்றி, நாங்களும் ஏறி 3,540. நாற்பது கிலோ அதிகம். அதைவிட மோசம், பின் அச்சின் எடை அதன் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் பெட்டியில் கனமானதையெல்லாம் திணித்திருந்தோம். நெம்புகோல் கணக்குதான்: அங்கே வைக்கும் சுமை பின் அச்சை அழுத்துவதோடு முன் சக்கரத்தையும் தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாகி, பிரேக்கின் பிடியும் குறையும்.

தண்ணீரைப் பாதி டேங்க் வைத்துக்கொண்டால் 45 கிலோ குறையும், சரி. ஆனால் அதை நம்பி ஒரு எல்லையிலேயே ஓட்ட முடியுமா? வேறு ஏதாவது இறங்க வேண்டும். என் தையல் மெஷின் 12 கிலோ. அவருடைய கருவிப் பெட்டி 19.

சண்டை என்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் பேசவில்லை, அவ்வளவுதான். வேனின் ஒவ்வொரு ஜன்னல் திரையும் அந்த மெஷினில் தைத்தது. ஆனால் வழியில் வண்டி நின்றால் திரையை வைத்து நட்டைக் கழற்ற முடியாதே. மெஷின் மகள் வீட்டுக்குப் போகிறது. அவர் பெட்டியைத் திறந்து, இரண்டிரண்டாக வைத்திருந்தவற்றில் ஒவ்வொன்றை எடுத்து வெளியே வைத்தார். 6 கிலோ தேறியது. அத்தனை வருடமும் எதற்கு இரண்டு சுத்தியல் என்று நான் கேட்கவில்லை. இன்று மட்டும்.

மார்ச் 2

சாவி கொடுத்தாயிற்று. முதல் திருப்பம் வரை பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஓட்டியது நான், கண்ணாடி பார்க்காமல் எப்படி ஓட்டுவது? பார்த்தேன்.

மார்ச் 3

இரவு எழுந்து சுவரில் ஸ்விட்சைத் தேடினேன். அங்கே சுவர் இல்லை, அவர் தோள் இருந்தது.

தரை சமமில்லாத இடத்தில் நிறுத்தியதால் விடியும்வரை இருவரும் ஒரே பக்கம் உருண்டுகொண்டே இருந்தோம். சக்கரத்துக்கு அடியில் கொடுக்கச் சாய்வுக் கட்டைகள் வாங்கித்தான் வைத்திருக்கிறோம். அவை மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தன. சமமாக்க முடியாவிட்டால் தலைமாடு மேட்டில் இருக்குமாறாவது நிறுத்த வேண்டும். நேற்று அதற்கு நேர் எதிர்.

மார்ச் 9

மலையில் இரண்டு இரவு. குளிர் என்று எல்லாவற்றையும் இறுக்கி மூடிக்கொண்டு தூங்கினோம். காலையில் கண்ணாடியெல்லாம் அழுதுகொண்டிருந்தது, மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். இரண்டு பேரின் மூச்சு போதாதென்று, உள்ளேயே சமைத்ததும் சேர்ந்துகொண்டது. சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். ஹைட்ரஜன் கேஸிலிருந்து, ஆக்சிஜன் காற்றிலிருந்து. பள்ளிக்கூடத்தில் படித்த சமன்பாடு என் தலையணையில் வந்து இறங்கியிருக்கிறது.

நேற்று கூரையில் காற்றுப் போக வைத்த வெண்ட்டை விரற்கடை திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் விட்டுவைத்தோம். இன்னொரு போர்வை தேவைப்பட்டது. கண்ணாடி பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. மெத்தைக்கு அடியில் காற்றுப் போகச் சட்டம் அடிக்க வேண்டும்.

மார்ச் 13

வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்தினேன். எங்களுக்குக் குளிர்ச்சி, சோலார் பேனலுக்குப் பட்டினி. கூரையில் 300 வாட் இருக்கிறது. நல்ல வெயிலில் நாளெல்லாம் சேர்த்து 1,200 வாட்-மணி வரும், இன்று 190. பேனலில் செல்கள் தொடராகக் கோத்திருப்பதால் ஒரு கிளையின் நிழல் சிலவற்றில் விழுந்தாலே மற்றவையும் மந்தமாகிவிடும். ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளைக்கு 500 சாப்பிடும். இருப்பு 41 சதவீதம். மாலையில் அவர் மூன்று தடவை எட்டி அதைப் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் அவருக்கு ஆர்வம் வந்து நான் பார்த்தது இதுதான் முதல்முறை.

மார்ச் 15

ஒன்றும் நடக்கவில்லை. மழை. நாள் முழுக்கத் தூங்கினோம்.

மார்ச் 19

இரவு ஒன்பதரைக்குக் குடியிருக்கும் பெண் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, பாத்ரூம் பைப் உடைஞ்சிடுச்சு, தண்ணி நிக்கவே மாட்டேங்குது. மெயின் வால்வு எங்க இருக்கு? நோட்டுல தேடித் தேடிப் பாத்தேன்."

ஆறு பக்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

"மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சு போம்மா. இடது கையை நீட்டு. சுவரைத் தடவிக்கிட்டே முழங்கால் உயரத்துக்கு வா. சின்னச் சக்கரம் ஒண்ணு தட்டுப்படுதா?"

"ஆமா ஆன்ட்டி."

"வலது பக்கமாத் திருப்பு. நாலு சுத்து லேசா வரும். அப்புறம் நின்னுட்ட மாதிரி இருக்கும். நிக்கலை. இன்னும் அரைச் சுத்து இருக்கு, துணியைப் போட்டுப் பிடிச்சு அழுத்தித் திருப்பு."

கொஞ்ச நேரம் மூச்சிரைப்புதான் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மெலிந்து நின்றது. போனை வைத்தபோதுதான் கவனித்தேன், என் வலது கை காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கை அணைக்கப் போகும்போது வெளியே ஏதோ விழுந்த சத்தம். "டார்ச் எங்கே?" என்றார். மேல் அலமாரியில் இல்லை. கதவுப் பையில் இல்லை. அடுப்புக்கு அடியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் பக்கத்தில். 6 மீட்டருக்குள் இருபது நிமிடம். கைப்பேசி வெளிச்சத்தில் கண்டுபிடித்தோம். சாய்வுக் கட்டைகளோடு, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில். விழுந்தது மடக்கு நாற்காலி.