ஏழாம் வகுப்பும் ஒரு புள்ளியும்

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாம் பருவம் தொடங்கியாயிற்று. தசம எண்கள். பலகையில் 0.5, 0.25 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். 34 பேரில் 21 பேர் 0.25-க்குக் கை தூக்கினார்கள். ஐந்தைவிட இருபத்தைந்து பெரிது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நானும் இத்தனை வருஷமாக "பூச்சியம் புள்ளி இருபத்தைந்து" என்றுதானே வாசித்து வந்திருக்கிறேன்! இனி "இரண்டு, ஐந்து" என்று தனித்தனியாகத்தான்.

அக்டோபர் 16, புதன்

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் தினமும் பார்க்கிற புள்ளியெல்லாம் இரண்டு முழு எண்களுக்கு நடுவே நிற்கிற வேலிதான். காலை 10.30. பயிற்சி 1.2. அப்புறம் கிரிக்கெட். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "19.5-க்கு அப்புறம் ஒரு பந்து போட்டா 20 ஓவர் டீச்சர். நீங்க 19.6ங்கறீங்க" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஓவரில் ஆறு சேர்ந்தால் ஒன்று, நம் பாடத்தில் பத்து சேர்ந்தால் ஒன்று. 4.3 ஓவர் என்பது உண்மையில் நாலரை ஓவர். அந்த 4.3 ஓவரில் 36 ரன் அடித்தால் ரன் ரேட் என்ன என்று கேட்டேன். கெட்டிக்காரர்கள் எல்லாம் 4.3-ஆல் வகுக்கப் போய் முழித்தார்கள். இவன் நோட்டைத் திறக்காமலே "எட்டு" என்றான். காலாண்டுத் தேர்வில் இவனை ஃபெயில் போட்டவள் நான்.

அக்டோபர் 17, வியாழன்

புள்ளியை விட்டுவிட்டு வாயால் கேட்டேன்: "கால் லிட்டர் எண்ணெய் அதிகமா, அரை லிட்டரா?" சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு. உடனே வரிசையாக எழுதினேன்: அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125. ஆசை விடவில்லை, அரைக்காலில் பாதியான மாகாணி 0.0625. பாதி பாதியாகக் குறையக் குறைய வால் நீள்வதைக் காட்டினேன். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் 21, திங்கள்

நானே இழுத்துவிட்ட வினை. 0.5-ஐவிட 0.75 சிறியது என்று எட்டு நோட்டுகளில்! "வால் நீளமா இருந்தா சின்னதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

அக்டோபர் 22, செவ்வாய்

பத்துக்குப் பத்து, நூறு கட்டம். 0.5-க்கு ஐந்து வரிசை வண்ணம். 0.75-க்கு ஏழு வரிசையும் ஐந்து கட்டமும். நேற்று கேள்வி கேட்டவள் தன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய விடையை அடித்துத் திருத்தினாள். பிறகு, "மாகாணிக்கு எத்தனை கட்டம் டீச்சர்?" என்றாள். நீயே போட்டுப் பார் என்றேன். ஆறு கட்டம் தீட்டி, ஏழாவதில் நின்றாள். பெல் அடித்தது. மற்றவர்கள் சாப்பாட்டுக்கு ஓட, அவள் ஸ்கேல் வைத்து அந்த ஒரு கட்டத்தை நாலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறே கால், டீச்சர்."