புரட்டாசிக்குள் போடவேண்டிய ஃப்ளூ ஊசி

கிளினிக்கில் போய் "காய்ச்சல் ஊசி போடுங்க டாக்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: ஏறிய காய்ச்சலை இறக்குகிற ஊசி. "ஃப்ளூ தடுப்பூசி, இந்த வருஷத்துது இருக்கா?" என்று கேளுங்கள். அதில் "இந்த வருஷத்துது" என்பதை விட்டுவிட்டால் பாதி வேலை கெட்டுவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் தேதி. டெல்லி, புனே பக்கமெல்லாம் ஃப்ளூ ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அது தென்மேற்குப் பருவமழைக் கணக்கு. நமக்கு மழை வருவதே ஐப்பசியில். சென்னையில் ஃப்ளூ ஏறுவதும் அக்டோபர், நவம்பரில்தான். ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக 2 வாரம் ஆகும். பிறகு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், 6 மாதத்தில் நன்றாகவே இறங்கிவிடும். ஏப்ரலில் போட்டுக்கொண்டு நவம்பரில் அது காப்பாற்றும் என்று நம்புவது, சித்திரையில் வாங்கிய குடையின் கம்பி ஐப்பசியில் துருப்பிடித்திருப்பதைப் பார்க்காமல் கிளம்புகிற மாதிரி. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடிவதற்குள் போடுவதுதான் நம் ஊருக்குச் சரி. வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கியபிறகு மற்றவர்களை வரிசையாகக் கூட்டிப்போவது பெரும்பாலும் தாமதம்தான். ஆனாலும் நவம்பரில் போடுவதும் வீண் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரையும் ஃப்ளூ இன்னொரு முறை தலைகாட்டுவது உண்டு.

இனி பெட்டி. ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, எந்த வகைகளை ஊசியில் சேர்க்கவேண்டும் என்று அறிவிக்கிறது. பிப்ரவரி அறிவிப்பு வடகோளத்துக்கு, அதாவது பூமியின் வடபாதிக்கு; செப்டம்பர் அறிவிப்பு தென்கோளத்துக்கு, அதாவது தென்பாதிக்கு. பெட்டியின்மேல் எந்தக் கோளம், எந்தப் பருவம் என்று அச்சடித்திருக்கும். காலாவதித் தேதிக்கு முன்னால் அதைப் பாருங்கள். காலாவதி ஆகாத, ஆனால் பருவம் முடிந்துபோன சரக்கு கடையில் கிடக்கலாம். தள்ளுபடியில் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். செப்டம்பரில் வாங்குகிறவர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்த வடகோளப் பெட்டியைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்று வகை வைரஸுக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்று குழம்பவேண்டாம். நான்காவதாக இருந்த 'பி யமகட்டா' வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. நான்கு என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

ராயபுரம், மண்ணடிப் பக்கம் ஹஜ் பயணம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே கட்டாயம், ஃப்ளூ ஊசியையும் வயதானவர்களுக்குச் சேர்த்துப் போடுவார்கள். பயணம் கோடையில் வருகிற வருஷங்களில் அந்த ஃப்ளூ ஊசி தென்கோளத்துடையதாக இருக்கலாம். அக்டோபரில் புது வடகோள ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளலாம், 4 வாரம் இடைவெளி இருந்தாலே போதும். "இந்த வருஷம் ஒண்ணு போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

அதிகம் தப்பு நடப்பது ஊசியைக் குளிர்ச்சியாக வைப்பதில்தான். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்து உருகிய ஊசியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மெடிக்கலில் வாங்கி டாக்டரிடம் எடுத்துப்போகிறவர்கள் செய்கிற தப்பு, கல்லு மாதிரி இறுகிய ஐஸ் பேக்கோடு ஊசியை ஒட்டவைத்துக் கட்டுவது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வைத்திருங்கள். பிறகு ஊசிப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மடிப்பு செய்தித்தாள் வைத்து, வாயகன்ற பிளாஸ்கில் போட்டு எடுத்துப்போங்கள். மூலக்கடை சிக்னலில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தே ஆகவேண்டும் என்றால் நடுத்தட்டு. ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம், கதவிலும் வேண்டாம். இவ்வளவு தொல்லைக்குப் பதில், தானே ஸ்டாக் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்திருக்கிற குழந்தைகள் டாக்டரிடம் போவது மேல். பெரியவர்களுக்கும் போடுவார்கள், கேட்டால் போதும்.

அளவு 0.5 மில்லி, தோள்பட்டைத் தசையில். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே குத்தவேண்டும். அதற்கு மேலே குத்தினால் மூட்டுக்குள் போய் மாதக்கணக்கில் கை தூக்கமுடியாத வலி வரலாம். ஜாக்கெட் கையையோ சட்டைக் கையையோ பாதி சுருட்டிக் காட்டினால்தான் இந்தத் தப்பு நடக்கிறது. தோள் முழுக்கத் தெரியும்படி உடுத்திப் போங்கள். இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெல்லிய ஊசியாக எடுத்து, போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிஷம் அழுத்திப் பிடிப்பார்கள். 15 நிமிஷம், முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்தவர் என்றால் அரைமணி, அங்கேயே உட்கார்ந்திருங்கள். முன்னெச்சரிக்கையாகப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு போகவேண்டாம். பிறகு கை வலித்தால் போட்டுக்கொள்ளலாம். லேசான சளி தடை இல்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் தணியட்டும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் போடலாம். முன்பு ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கை கால் வலுவிழக்கும் கீயான்-பாரே நோய் வந்தவர்கள் டாக்டரிடம் பேசாமல் போடக்கூடாது.

6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் வருஷம் இரண்டு ஊசி, 4 வாரம் இடைவெளியில். இரண்டாவதைத் தவறவிடுவது சகஜம். ஒன்றோடு நிறுத்தினால் பலன் குறைவு, எனவே ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம். பிறந்த குழந்தைக்கு 6 மாதம்வரை ஃப்ளூ ஊசி போடமுடியாது, தாயிடமிருந்து போகிற எதிர்ப்புச் சக்திதான் அதற்குத் துணை.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை, பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போடவேண்டியிருக்கும். வீட்டில் எல்லாருக்கும் முடியாதென்றால் வரிசை இது: 60 தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வீசிங் உள்ளவர்கள், டிபி வந்து நுரையீரலில் தழும்பு விழுந்தவர்கள், கர்ப்பிணி, 6 மாதம் தாண்டிய கைக்குழந்தை. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் மணலி ஆலைக் காற்றுக்கும் ஊசி கிடையாது. அந்த இருமல் இருக்கத்தான் செய்யும். அதன்மேல் ஃப்ளூவும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நிமோனியா ஊசி வேறு. ஃப்ளூ ஊசி போட்டவருக்கு அது வேண்டாம் என்றோ, அது போட்டால் இது வேண்டாம் என்றோ இல்லை. குழந்தைகளுக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பெரியவர்களுக்கு வரிசை மாறுவதுதான் சிக்கல். 23 வகை நிமோனியாக் கிருமிக்கு எதிரான ஊசி எண்ணிக்கையில் பெரியதாக இருப்பதால் அதையே முதலில் கேட்கிறார்கள். அது, கிருமியை உடம்பின் எதிர்ப்புச் சக்தி நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்படி செய்யாத ரகம். புரதத்தோடு இணைத்த 13 வகை ஊசியை முதலில் போட்டு, ஒரு வருஷம் கழித்து 23 போடவேண்டும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 8 வாரமே போதும். 20 வகை ஊசி கிடைத்தால் அது ஒன்றோடு முடிந்தது. 23-ஐ ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் ஒரு வருஷம் விட்டு 13 அல்லது 20 வகை ஊசியில் ஒன்றைப் போடலாம்.

கொரோனா ஊசிக்கு வருகிறேன். 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிப் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் முதல் வைரஸை வைத்துச் செய்தவை. இப்போது சுற்றுகிறவை ஒமிக்ரான் வழிவந்தவை. கோவிஷீல்டு தயாரிப்பும் 2021 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆரோக்கியமானவர்கள் அதைத் தேடிக் கடை கடையாக அலையவேண்டாம், அந்தக் காசை ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் வையுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள். டீக்கடையில் இன்றும் பேசப்படுகிற இரத்த உறைவு, கோவிஷீல்டு போட்ட 4 முதல் 42 நாளுக்குள் அரிதாக வந்தது. வருஷங்கள் கழிந்தவர்கள் அதற்குப் பயப்படக் காரணம் இல்லை.

ஊசி போட்டபின்னும் ஐப்பசியில் காய்ச்சல் வரலாம். சாதாரணச் சளிக்கு இந்த ஊசி எதுவும் செய்யாது. அதே மாதத்தில்தான் டெங்குவும் சுற்றும். மூக்கொழுகல், இருமல் இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலியும் உடம்பு வலியுமாக இருந்தால் "ஊசி போட்டாச்சே, ஃப்ளூ இல்லை" என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். புருஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும். டெங்குவைக் கண்டுபிடிக்க முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 என்ற இரத்தப் பரிசோதனை, அதற்கு மேல் ஆகிவிட்டால் ஐஜிஎம் என்ற பரிசோதனை. ஃப்ளூ என்றே சந்தேகம் வந்து, நோயாளி மேலே சொன்ன வரிசையில் உள்ளவர் என்றால் ஒசெல்டமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன், ஆகவே மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுங்கள்.