மாமா மில்லில் மீட்டர்: ஆறாவது வாரம்

பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமாவின் மாவு மில்லில் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை, பாயான் லெப்பாஸில் என் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மீட்டரை வயர்மேன் மாட்டிக் கொடுத்தார், மற்றதெல்லாம் நான்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே பைத்தான் நிரலில் எழுதினேன். நான் மட்டும் பார்த்தவரை சரி. மாமாவும் அத்தையும் போனைத் திறந்ததும் திணறியது. ஒவ்வொரு போனுக்காகவும் நிரல் மீட்டரைக் கேட்கும். ஆனால் மீட்டர் பேசும் மொழி மோட்பஸ், அது ஓடுவது ஆர்எஸ்-485 என்ற கம்பியில், அங்கே ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் இடம். 1979-இல் வந்த நெறிமுறை, அதைக் குறை சொல்லி என்ன செய்ய?

அப்புறம் பிரித்தேன். மீட்டரோடு பேசுவது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி மட்டும். அது எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக மொஸ்கிட்டோ என்ற புரோக்கருக்கு (செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) அனுப்பும், இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளம் சேமிக்கும், கிராஃபானா படம் வரையும். படம் வரைகிற இடத்துக்கு மீட்டர் எந்த ரகம் என்றே தெரியாது.

கையில் கிடந்த ஒற்றை ஃபேஸ் மீட்டரைக் கழற்றிவிட்டு மூன்று ஃபேஸ் மீட்டர் போட்டபோது இது கைகொடுத்தது. 50 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒருசமயம் 0, மறுசமயம் 27 இலக்கத்தில் ஒரு மைனஸ் எண்! தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (மீட்டரின் நினைவுப் பெட்டிகள்) பிரிந்து வரும். 50 என்றால் 16968, 0. புது மீட்டர் அதைத் திருப்பிப் போட்டு 0, 16968 என்று அனுப்பியிருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் ஒரே வரி மாற்றம், மற்ற மூன்றையும் தொடவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை மாமா கூப்பிட்டார். "ஐயா, மில்லு மூடி ஒரு மணி நேரமாச்சு. உன் படத்துல மட்டும் இன்னும் அரைச்சிக்கிட்டே இருக்கே?"

மீட்டர் கம்பி கழன்றிருந்தது. ராஸ்பெர்ரி பை செத்தால் அறிவிக்க, புரோக்கரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் 'லாஸ்ட் வில்' செய்தி வைத்திருந்தேன்: கீப்-அலைவ் (உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி) 60 நொடி, அதில் ஒன்றரை மடங்கு, 90 நொடி பொறுத்து புரோக்கரே சொல்லிவிடும். ஆனால் இங்கே ராஸ்பெர்ரி பை உயிரோடுதான் இருந்தது. போனது அதற்கும் கீழே. பதில் வராவிட்டால் பழைய எண்ணையே திரும்ப அனுப்பு என்று எழுதி வைத்த மகராசன் நான்தான். திரை காலியாக இருந்தால் அசிங்கமாம்.

தொழிற்சாலை இயந்திரங்கள் தகவல் பரிமாறும் ஓபிசி யுஏ நெறிமுறையில் ஒவ்வொரு மதிப்போடும் அதன் நிலையும் நேரமும் சேர்ந்தே வரும். வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன், எதற்கு என்பது இப்போதுதான் உறைத்தது. இனி என் எண்களோடும் மீட்டரில் படித்த நேரம் போகும். 30 நொடிக்கு மேல் பழசானால் திரையில் 'தகவல் இல்லை'.

இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கினேன். "கம்பிய இறுக்கினா போதாதாலா?" என்றார்.

அதையும் இறுக்கியாயிற்று.