மங்கு நிரம்புமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை விட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்தார் கேட்டதும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் என் கணக்குத்தாளில் விழுந்த சிவப்புக் கோடுதான் கண்முன் வந்தது.

1 + 1/2 + 1/3 + 1/4 + … என்று போகும் தொடர் குவியுமா, விரியுமா? அதாவது, கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிற்குமா, வரம்பில்லாமல் ஏறுமா? வகுப்பில் மலாயில் மெனும்பு, மென்சாபா என்போம். உறுப்புகள் சிறுத்துப் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆகவே குவியும் என்று எழுதியிருந்தேன். பள்ளி விட்டதும் கணக்கு சார் என்னை நிறுத்திக்கொண்டு தமிழில் பேசினார்.

"உன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்தானே? நேரம் ஆக ஆகச் சொட்டு சிறுத்துவிடுகிறது. அதற்காகக் கீழே பால் பிடிக்கும் மங்கு நிரம்பாது என்று சொல்லிவிடுவாயா?"

1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாகச் சிறுத்தால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாது. இங்கே அப்படியில்லை. 1/3-ஐயும் 1/4-ஐயும் சேர்த்து வளைத்தார்: 1/2-க்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகள்: மறுபடியும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக ஏறிக்கொண்டே போவதற்கு வரம்பு ஏது? 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் கண்ட வழி இது. இவ்வளவு எளிய, இவ்வளவு அழகான நிறுவலை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓர் உறுப்பை அதற்கு முந்தைய உறுப்பால் வகுத்துப் பார்க்கும் விகிதச் சோதனை இங்கே கைகொடுக்காது. விகிதம் 1-ஐ நெருங்கினால் அது வாய் திறப்பதில்லை. கீழே வர்க்க எண்களைப் போட்டு 1 + 1/4 + 1/9 + … என்று எழுதினாலும் விகிதம் 1-ஐத்தான் நெருங்குகிறது, ஆனால் அந்தத் தொடர் குவிகிறது. அதன் கூட்டுத்தொகை பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்தார்.

நம் தொடரோ ஆமை நடை நடக்கிறது. 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஒரு மில்லியன் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐத் தொடாது. அன்றிரவு பதினாறு உறுப்புகள் வரை கையாலேயே வகுத்துக் கூட்டினேன். 3.38 வந்தது. சார் சொன்ன கணக்குப்படி 3-க்கு மேல் வரவேண்டும், வந்துவிட்டது!

பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது எப்படி, தம்பி? வெட்டிய இடத்தில் பால் உறைந்துவிட்டால் சொட்டு நின்றுவிடுமே" என்றார்.

மறுநாள் இதைச் சாரிடம் சொன்னேன். அவர் என் கணக்குத்தாளை வாங்கி, தொடரின் கடைசியில் இருந்த மூன்று புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.