கோடு போடத் தெரியாதவனின் களிமண்

மார்ச் 3, திங்கள்

ஒரு வழியாக இன்று பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், திரையிலேயே களிமண் மாதிரி பிசைந்து சிற்பம் செய்யும் ஸ்கல்ப்டிங் பக்கத்தைத் திறந்துவிட்டேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம், எனக்கு வரைய வராது. நான் வட்டம் போட்டால் அதற்கும் மூலை முளைத்துவிடும். "முதலில் ஒரு வருடம் வரைந்து பழகு, அப்புறம் சிற்பத்துக்கு வா" என்று கேட்ட இடமெல்லாம் அறிவுரை. அந்த ஒரு வருடத்தை நான் தொடங்கவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேராக உருண்டை.

இரண்டு மணி நேரம் பிசைந்தேன். தலை என்று நான் சொன்னால்தான் தலை.

மார்ச் 5, புதன்

முகம் முழுக்க மேடும் பள்ளமும். வழவழப்பாக்கும் ஸ்மூத் பிரஷால் தேய்த்துத் தேய்த்து மூக்கே கரைந்தது. தப்பு எங்கே என்று இப்போது புரிகிறது. ஆர்வத்தில் முதலிலேயே மெஷ்ஷை, அதாவது உருவத்தின் மேற்பரப்பாக இருக்கும் சிறு முகப்புகளின் வலையை, நுணுக்கமாகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் முகப்புகள் நான்கு மடங்காகும். 6 முகப்புகள் உள்ள கனசதுரம் ஆறே தடவையில் 24,576 ஆகிவிடுகிறது. அத்தனையையும் வைத்துக்கொண்டு தாடையை நகர்த்தப் போனால் கசங்காமல் என்ன செய்யும்? பழையதை அழித்துவிட்டுச் சொற்ப முகப்புகளோடு கிராப் பிரஷால் மட்டும் இழுத்தேன். உடனே தலை மாதிரி ஆனது. இதில் வரையும் திறமைக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவசரப்பட்டு மகிழ்ந்துவிட்டேன். முன்னாலிருந்து பார்த்தால் மனிதன், பக்கவாட்டில் திருப்பினால் தட்டு. கண்கள் ஒட்டுப்பொட்டு மாதிரி முகத்தில் பதிந்திருக்கின்றன. பின்மண்டையைக் காணோம்.

கண்ணாடி முன் நின்று விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட நன்றாகப் பின்னால் இருக்கிறது. உதடு தட்டையாக இல்லை, பல்வரிசையின் வளைவைச் சுற்றிப் போகிறது. பக்கவாட்டில் தலையின் ஆழம் கிட்டத்தட்ட அதன் உயரம் அளவுக்கு இருக்கிறது! இத்தனை வருடம் முகங்களை முன்பக்கமாகவே நினைவில் வைத்திருக்கிறேன் போல. இதைக் கையின் குறை என்று சொல்ல முடியாது. நான் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

பென்சிலில் உருவப்படம் பிரமாதமாக வரையும் நண்பன் வந்திருந்தான். கணினியில் சிற்பம் செய்யும் பேனாவை அவனிடம் கொடுத்தேன். பொறாமையாக இருந்தது. பத்து நிமிடத்தில் அளவுகள் எல்லாம் சரி. தலை உயரத்தின் நடுவில் கண், புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் காது, எதையும் அவன் அளக்கவில்லை. பேனாவை அழுத்துவதிலும் அவன் கைக்கு ஒரு நிதானம் உண்டு.

அப்புறம்தான் வேடிக்கை. இமைக்கு ஒரு கோடு கீறினான், உதட்டைச் சுற்றி ஒரு கோடு. மூக்கின் ஓரத்தில் நிழல் வேண்டும் என்று பள்ளம் தோண்டினான். ஒளியை வேறு பக்கம் திருப்பியதும் முகம் முழுக்கக் கத்திக்காயம். காகிதத்தில் நிழலை அவன்தான் பூச வேண்டும். இங்கே வடிவம் சரியாக இருந்தால் ஒளியே அதைப் போட்டுக்கொள்ளும். அவன் சிரித்தான்: "உனக்குக் கோடு போடத் தெரியலைன்னு கவலை. எனக்குக் கோடு போடாம இருக்கத் தெரியலைடா."

இருந்தாலும் நேர்மையாகச் சொல்கிறேன், என்னுடைய இரண்டு வாரத்தை அவன் ஒரு மதியத்தில் தாண்டிவிட்டான். அவன் வரைந்த ஆண்டுகள் வீணாகவில்லை. அவற்றில் பாதிக்கு மேல் உற்றுப் பார்த்த ஆண்டுகள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

பிரெஞ்சுச் சிற்பி ரோடானைப் பற்றிப் படித்தேன். எதிரே நிற்பவரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் வெளிவிளிம்பைச் சரிபார்த்தே மண்ணில் உருவம் பிடிப்பாராம். பிற்காலத்தில், எதிரிலிருப்பவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், காகிதத்தைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறார். அழகாக வரவேண்டும் என்று நினைப்பவர் காகிதத்தைப் பார்க்காமல் இருப்பாரா?

அவரைப் பின்பற்றி, திரையில் நான் செய்த தலையை வெளிவிளிம்பு மட்டும் தெரியும்படி ஒரே கறுப்பு நிறமாக்கி, மெதுவாகச் சுழற்றினேன். கழுத்து எவ்வளவு தடிமன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 22, சனி

கற்பனை விலங்கு ஒன்று செய்ய உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் நாய், பல்லி, மறுபடி நாய். ஒவ்வொரு தடவை மனம் மாறும்போதும் அரைமணி நேர வேலை குப்பைக்கு. வெறுத்துப்போய் ஒரு தாளில் கட்டைவிரல் அளவில் பன்னிரண்டு கிறுக்கல்கள் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படுமோசமான படங்கள். ஆனால் ஏழாவதில் இருந்த கூனல் முதுகு பிடித்துப்போனது, அதையே செய்தேன். இதற்குத்தான் வரைய வேண்டும் என்கிறார்களோ? அப்படியானால் சரி, இந்த அளவுக்கு எனக்கும் வரைய வரும்.

மார்ச் 30, ஞாயிறு

நான்கு நாளாகக் காது வரவில்லை. எப்படிச் செய்தாலும் தலையில் ஒட்டிய பிடி மாதிரியே நிற்கிறது. இன்று கணினியை மூடிவிட்டு, ஒரு காதின் படத்தை வைத்து, காகிதத்தைப் பார்க்காமல் பத்துத் தடவை வரைந்தேன். எதுவும் காது மாதிரி இல்லை. ஆனால் எட்டாவது தடவை கை தானாகச் சாய்ந்தது. காது செங்குத்தாக நிற்பதில்லை, மேல்பாகம் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறது!

திரும்பப் போய் வலது காதைக் கொஞ்சம் சாய்த்தேன். உட்கார்ந்துவிட்டது. இடது காதுக்குக் கவலையில்லை, ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்துவிடும் சிமெட்ரி வசதி பார்த்துக்கொண்டது.