வின்செஸ்டர் 52: சீட்டில் ஒரு வருடம், பேரலில் வேறொரு வருடம்

பழைய டார்கெட் துப்பாக்கி ஒன்றின் ஏலக்கடைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "வின்செஸ்டர் 52பி, போருக்கு முந்தையது, முழுக்க ஒரிஜினல்." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் சீரியல் நம்பர் பட்டியலின் நகல் ஒன்று வந்தது. பேரலின், அதாவது குண்டு பாயும் குழலின், அடிப்பக்கம் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. விலை மட்டும் "முழுக்க ஒரிஜினல்" கணக்கில் போட்டிருந்தார்கள்.

மாடலைப் பிடிப்பதில் தகராறு இல்லை. நம்பருக்குப் பின்னால் 'பி', சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) ரிசீவரின் வலப்பக்கம். ரிசீவர் என்பது பேரல் பூட்டியிருக்கும் நடு உலோகப் பகுதி. 'டி' என்றால் 1961-க்குப் பிந்தைய, மேகசின் இல்லாத ஒற்றைத் தோட்டா ரகம். எழுத்தே இல்லாதவற்றில்தான் கவனம் வேண்டும்: சுடும் ஊசியை வேகமாகப் பாயவிடும் ஸ்பீட் லாக் வந்தது 1929-இல், அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் பிறகு அதைப் பொருத்தியவையும் உண்டு. ஸ்பீட் லாக்கைப் பார்த்ததுமே "1929-க்குப் பிறகு" என்று எழுதிவிடக் கூடாது.

பட்டியல் சொல்வது ரிசீவருக்கு நம்பர் அடித்த காலத்தை, அதுவும் தோராயமாக. பேரலைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. டார்கெட் துப்பாக்கியில் சுட்டுத் தேய்வது பேரல், மாற்றுவதும் பேரல். அதனால் ஸ்டாக்கை (மரப் பகுதியை) கழற்றாமல் வருடம் சொல்வது வெறும் ஊகம்.

கழற்றும் முன் மேகசினை எடுத்து, பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உருவி, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள். பேரலை ஸ்டாக்கோடு பிடிக்கும் வளையமான பேரல் பேண்ட் இருந்தால் அதன் திருகை முதலில் தளர்த்த வேண்டும், பிறகுதான் ரிசீவர் திருகுகள். ஸ்க்ரூடிரைவரின் நுனி திருகின் பள்ளத்தை அகலத்திலும் கனத்திலும் முழுக்க நிரப்ப வேண்டும். ஆப்பு மாதிரி சரிந்த சாதாரண நுனி வழுக்கித் திருகின் தலையைக் கடித்துவிடும். கடிபட்ட திருகைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் விலையைக் குறைப்பார். இறுகிப்போயிருந்தால் துளி ஊடுருவு எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பேரலின் அடியில் எண்ணெய்ப் பிசுக்குக்குள் '49' என்ற இரண்டு இலக்கம், அதாவது பேரலின் வருடம் 1949. 52பி 1947 வாக்கில் முடிந்துபோன மாடல்! கம்பி பிரஷ், பாலிஷ் எதுவும் கிட்டே வரக் கூடாது. துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தால் தேய்ந்த முத்திரையும் எழுந்து நிற்கும்.

அடுத்து ப்ரூஃப் முத்திரை, அதாவது சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம். தொழிற்சாலையிலேயே பூட்டிச் சோதித்த துப்பாக்கியில் ரிசீவர், பேரல் இரண்டிலும் முட்டை வடிவத்துக்குள் 'டபிள்யூ', 'பி' என்ற இரண்டு எழுத்துகளும் பிணைந்து இருக்கும். இதில் ரிசீவரில் அது இருக்கிறது. பேரலில் முட்டைக்குள் 'பி' மட்டும். உதிரியாக விற்ற பேரலுக்கு அடித்த முத்திரை அது. வெளியில் யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

இரண்டு முத்திரைகளையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்பிய பிறகுதான் கடைக்காரரின் குரல் இறங்கியது. "பேரல் ஒரிஜினல்தான், வின்செஸ்டர் பேரல்தானே" என்று ஒரு சுற்று வாதம் வேறு! வின்செஸ்டர் பேரல்தான், ஆனால் இந்தத் துப்பாக்கியோடு பிறந்த பேரல் இல்லை. சுடுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை, சேகரிப்பவருக்கு விலையே வேறு. கடைசியில் சீட்டைத் திருத்தி, பணத்தில் ஒரு பகுதியையும் திருப்பினார்கள்.

இன்னொரு டார்கெட் துப்பாக்கியான ரெமிங்டன் 37 பார்ப்பவர்களுக்கு வேலை சுலபம். பேரலின் இடப்பக்கம், ரிசீவருக்குச் சற்று முன்னால் தேதி எழுத்துகளாகவே இருக்கும். முதல் எழுத்து மாதம்: 'பிளாக்பவுடர்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக, டிசம்பருக்கு மட்டும் 'எக்ஸ்'. அடுத்தது வருடம். வருட எழுத்துகள் சுற்றிச் சுற்றி வரும். 'ஏ' 1932-க்கும் உண்டு, 1954-க்கும் உண்டு. இந்த மாடல் வந்ததே 1937-இல் என்பதால் 37-இல் 'ஏ' கண்டால் 1954. ஆனால் இதுவும் பேரலின் தேதிதான். ரிசீவருக்கும் அதே தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.